நெற்றிக்குப் பின்னால்

மாணிக்கராஜ் முதன்முதலில் வாயை விட்டது ஒரு சாவு வீட்டில். இறந்தவள் அவன் மனைவி லூயிசாவின் அண்ணி. லூயிசாவின் அண்ணன் டைட்டஸ் பெட்டியின் தலைமாட்டில் நின்று, மூடி வைப்பதற்கு முன்னால் மனைவியின் நெற்றியில் கடைசியாகச் சிலுவை போட்டுக்கொண்டிருந்தான். பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாணிக்கராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பெட்டியை எட்டிப் பார்த்தான்.

“இத்தினி குண்டா கீறாங்களே, இந்தப் பொட்டி எப்படி மச்சான் மூடும்?”

ஜெபமாலை நின்றுபோனது. டைட்டஸ் தலையைத் தூக்கிப் பார்த்தான். தன் காதில் விழுந்தது சரிதானா என்று அவனுக்கே சந்தேகம். மாணிக்கராஜ் சிரித்தான். லூயிசா அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

“இன்னாங்க இது? இன்னா பேச்சு இது?”

“இன்னா பேசிட்டேன்? மூடாதுன்னா மூடாதுதானே?”

தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய ஊரிகம் லைன் வீடுகளில் ஒருத்தருக்கும் இதை நம்ப முடியவில்லை. அந்த லைனில் யார் செத்தாலும் ஐஸ் பெட்டிக்கு ஓடுவதும், நாற்காலி இறக்குவதும், கல்லறைக்குக் குழி வெட்ட ஆள் சொல்வதும் மாணிக்கராஜ்தான். எல்லாம் முடிந்த பிறகு ஒரு ஓரமாக நின்று கை கழுவிக்கொண்டு போவான். அதிகம் பேசத் தெரியாத ஆள். அவனுடைய அப்பா மைசூர் மைன்ஸில் சுரங்கத்துக்குள் ஆட்களைக் கொண்டுபோகும் கேஜ் கூண்டை இறக்கி ஏற்றியவர். சுரங்கம் மூடியபோது மாணிக்கராஜுக்கு முப்பது வயது. மற்றவர்களைப் போல அவனும் விடிகாலை ரயிலைப் பிடித்து பெங்களூர் போக ஆரம்பித்தான். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. இருபது வருஷம் அதே வேலை. ஒரு நாள் லீவு போட்டதில்லை.

சாவு வீட்டில் நடந்ததை, துக்கத்தில் புத்தி தடுமாறியது என்று சொல்லி லூயிசா மூடி மறைத்தாள். அப்புறம் மூடி மறைக்க முடியாமல் ஒவ்வொன்றாக வந்தது.

வேலை போனது. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்று, உள்ளே இரண்டு பெண்கள் ஒரு மணி நேரம் கத்திக்கொண்டிருக்க, இவன் கீழே படிக்கட்டில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தானாம். ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு, “போலாம்னு தோணல” என்றானாம். வீட்டில் குளிக்கச் சொன்னால் குளிக்க மாட்டான். போட்ட சட்டையையே ஒரு வாரம் போடுவான். கடையில் கல்லா மேல் இருக்கும் பிஸ்கெட் பாக்கெட்டைக் கேட்காமல் பிரித்துத் தின்பான். அடுப்பில் குழம்பு தீய்ந்து லைன் முழுக்க வாடை அடித்தாலும் அடுப்புக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருப்பான். ஒரு தடவை கேஸைத் திறந்து விட்டுவிட்டுப் பற்ற வைக்காமல் போய்ப் படுத்துக்கொண்டான். பக்கத்து வீட்டு ஜெயம்மா வாடை பிடித்துக் கதவைத் தட்டியிருக்காவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

“எல்லாம் திமிரு,” என்றான் டைட்டஸ். “வேலைக்கு அனுப்பாம ஒக்கார வெச்சு சோறு போடறல்ல? அந்தத் திமிரு.”

“குடிக்கிறானோ இன்னாவோ, மோந்து பாத்தியா லூயிசா?” என்றாள் ஜெயம்மா.

அவன் குடித்ததே இல்லை. ஆனாலும் மறுவாழ்வு மையம் ஒன்றில் கொண்டுபோய் விட்டார்கள். நாலாம் நாள் அவர்களே கூப்பிட்டு, இவருக்கு எங்களால் ஆவது ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு டாக்டர் மனச்சோர்வு என்று மாத்திரை எழுதினார். அதைத் தின்றுவிட்டு இன்னும் அதிக நேரம் தூங்கினான். மாதா கோயில் சாமியார் தலைமேல் கை வைத்து ஜெபித்தார். ஜெபம் நடக்கும்போதே மாணிக்கராஜ் அவருடைய அங்கிப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

லூயிசா வேலைக்குக் கிளம்பினாள். வைட்ஃபீல்டில் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங். எட்டு மாடிக்குக் கழிவறைகள். நாலு மணிக்கு எழுந்து களி கிண்டி, குழம்பு வைத்து, இருட்டிலேயே ஸ்டேஷனுக்கு நடந்து, ரயிலில் இடம் கிடைத்தால் உட்கார்ந்தபடியே தூங்கி, திரும்பி வீடு வர எட்டு மணி ஆகும். வந்ததும் அவன் செய்து வைத்திருப்பதைக் கழுவ வேண்டும்.

மகள் ஷைலாவுக்கு ஒரு இடம் வந்தது. பையன் பங்காருப்பேட்டை, நல்ல குடும்பம். பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை மாணிக்கராஜை டைட்டஸ் வீட்டில் உட்கார வைத்துவிடலாம் என்றுதான் திட்டம். ஆனால் பெண்ணின் அப்பா எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, “வாயத் தொறக்கக் கூடாது, கேசரி குடுப்பேன்” என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லி உட்கார வைத்தாள்.

கால் மணி நேரம் சும்மா இருந்தான். பிறகு பையனின் அம்மாவை உற்றுப் பார்த்தான்.

“உனுக்கு மீசை கீதே. ஷேவ் பண்றதில்லியா?”

அந்த அம்மாள் பதில் சொல்வதற்குள் அவளுடைய தட்டிலிருந்த கேசரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். எழுந்து வாசலுக்குப் போய், எல்லோரும் பார்க்க, சாக்கடையில் ஒண்ணுக்கு இருந்தான்.

வந்தவர்கள் காபிகூடக் குடிக்கவில்லை. அவர்களுடைய கார் திரும்புவதற்குள் டைட்டஸ் மாணிக்கராஜின் சட்டையைப் பிடித்துத் தெருவில் தள்ளி அடித்தான். முகத்தில், தலையில், கண்ட இடத்தில். “எம் பொண்டாட்டி பொணத்துக்கு முன்னால சிரிச்சவன்டா நீ,” என்று சொல்லிச் சொல்லி அடித்தான். மாணிக்கராஜ் கையைக்கூடத் தூக்கவில்லை. உதடு கிழிந்து ரத்தம் வழிய, வாயில் மீதியிருந்த கேசரியை மென்றுகொண்டிருந்தான். லூயிசா கதவோரம் நின்று பார்த்தாள். தடுக்கப் போகவில்லை.

அந்த வாரமே ஷைலா கே.ஆர்.புரத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

லூயிசா பூட்ட ஆரம்பித்தது அதற்குப் பிறகு. காலையில் கிளம்பும்போது ஒரு குண்டான் களி, ஒரு சொம்பு குழம்பு, ஒரு குடம் தண்ணீர், மூலையில் ஒரு பக்கெட். கேஸ் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே பூட்டைப் போட்டு, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவாள். பதினஞ்சு மணி நேரம். முதல் நாள் ரயிலில் அழுதாள். இரண்டாம் வாரம் பூட்டியதே நினைவில்லாமல் தூங்கினாள்.

“பாவம் லூயிசா, ஆம்பளைய உள்ள வெச்சுப் பூட்டறியே,” என்றாள் ஜெயம்மா ஒரு நாள்.

“நீ பாத்துக்கறியா யக்கா? தொறந்து விட்டுட்டுப் போறேன்.”

ஜெயம்மா தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

வாயிலிருந்து மரியாதையும் போய்விட்டது. வாங்க போங்க என்று சொன்னவள் ‘யோவ்’ என்றாள். பக்கெட்டைக் கவிழ்த்து வைத்த ஒரு நாள் கரண்டிக் காம்பால் முதுகில் அடித்தாள். அவன் திரும்பிப் பார்த்து, “சோறு?” என்றான். அன்றைக்குச் சோறு போடவில்லை.

ஆறு மாதம் இப்படிப் போனது. கே.ஆர்.புரத்தில் ஒரு ஒற்றை அறை பார்த்திருப்பதாக ஷைலா போன் செய்தாள். “நீ வந்துடும்மா. டெய்லி நாலு மணிக்கு எந்திரிச்சு செத்துப்போயிடுவ. அவருக்கு மாமா எதனா ஹோம் பாத்து வெக்கட்டும்.” லூயிசா யாரிடமும் சொல்லாமல் ஒன்றாம் தேதி வருவதாக ஒத்துக்கொண்டாள். புடவைகளில் நல்லதாக நாலைத் தனியே எடுத்து வைத்தாள்.

ஒன்றாம் தேதிக்கு நாலு நாள் முன்னால், பகல் பதினோரு மணிக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பெரிதாக விழும் சத்தமும் குடம் உருளும் சத்தமும் ஜெயம்மாவுக்குக் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மாணிக்கராஜ் தரையில் கிடந்தான். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. கதவில் பூட்டு. சாவி வைட்ஃபீல்டில், லூயிசாவின் இடுப்பில்.

ஜெயம்மா கத்திய கத்தலில் டைட்டஸ் நாலு லைன் தள்ளியிருந்து ஓடி வந்தான். கடப்பாரையை விட்டு நெம்பினான். சுரங்கக் கம்பெனி காலத்துக் கதவு, லேசில் விடவில்லை. கொண்டி பெயர்ந்து வருவதற்குள் இரண்டாவது தடவை இழுத்துவிட்டது. டைட்டஸ் அந்த மூத்திர வாடையில் அவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினான்.

கோலாரில் ஸ்கேன் எடுத்து, உடனே பெங்களூருக்கு எழுதினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர், கன்னடக்காரி, சுமாராகத் தமிழ் பேசினாள். படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினாள். நெற்றி எலும்புக்குப் பின்னால் வெள்ளையாக உருண்டையாக ஒன்று.

“சாத்துக்குடி அளவு இருக்கம்மா. கேன்சர் இல்லை, பயப்படாதீங்க. மெதுவா வளர்ற கட்டி. எட்டு வருஷமா, பத்து வருஷமா இருக்கலாம். இவருக்கு வாசனை தெரியறது இல்லை, இல்லையா?”

லூயிசா டைட்டஸைப் பார்த்தாள். தீய்ந்த குழம்பு, திறந்து கிடந்த கேஸ். “ஆமா மேடம். தெரியறதில்ல. நாங்க... கவனிக்காம ஒக்காந்து கீறாருன்னு நெனச்சோம்.”

“வாசனை நரம்பு இது அடியில்தான் போகுது. முதல்ல அதை அமுக்கிடுச்சு. அப்புறம் மூளையோட முன்பக்கம். நமக்கு மனசுல என்னென்னமோ வரும்மா. எல்லாருக்கும் வரும். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது, எந்திரிச்சுப் போய் ஒரு வேலையைச் செய்யணும், வெட்கப்படணும், எல்லாம் இங்கதான்.” தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். “இவர் ரொம்பக் கெட்டுப் பேசினாரா?”

“மூணு வருஷமா.”

“அவரு வேணும்னு பண்ணலையா மேடம்?” என்று டைட்டஸ் கேட்டான்.

“வேணும் வேணாம்னு முடிவு பண்ற இடமே நசுங்கிப் போச்சுப்பா. எப்படி வேணும்னு பண்ணுவார்?”

“நான் அவுரு தலையில அடிச்சிட்டேன் மேடம். ஆறு மாசம் முன்னால. அதனாலயா...?”

“இல்லை இல்லை. அது வேற.”

அது வேற என்று டாக்டர் சொன்னதை டைட்டஸ் எப்படி எடுத்துக்கொண்டானோ தெரியாது. வெளியே வந்து காரிடார் சுவரில் நெற்றியை முட்டுக் கொடுத்து வெகுநேரம் நின்றான்.

ஆபரேஷன் ஒன்பது மணி நேரம் நடந்தது. ஒரு காதிலிருந்து மறு காது வரை தையல். முதல் ஐந்து நாள் மாணிக்கராஜ் யாரையும் சரியாக அடையாளம் கண்டுகொள்ளவில்லை. லூயிசாவை “அம்மா” என்றான். ஆறாம் நாள் காலையில் நர்ஸ் டியூப் மாற்ற வந்து போர்வையை விலக்கினாள். மாணிக்கராஜின் கை தடுமாறிக்கொண்டு கீழே போய்ப் போர்வையைப் பிடித்துத் தொடைமேல் இழுத்துக்கொண்டது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“கூச்சப்படாதீங்க அங்கிள்,” என்றாள் நர்ஸ்.

வாசலில் எல்லோரும் பார்க்க நின்ற மனுஷன். லூயிசா எழுந்து வெளியே போனாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்து தூங்கிப்போனாள். பெருக்க வந்த பெண் எழுப்புகிற வரைக்கும் தூங்கினாள்.

நவம்பரில் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். கொண்டி பெயர்ந்த கதவை டைட்டஸ் புதுச் சட்டம் போட்டுச் சரி செய்து வைத்திருந்தான். லைன் முழுக்கத் திருவிழா மாதிரி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஜெயம்மா பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். சாமியார் வந்து, ஆண்டவர் செய்த அற்புதம் என்றார். மாணிக்கராஜ் வந்தவர்களுக்கெல்லாம் எழுந்து நிற்க முயன்றான். மெதுவாகப் பேசினான். சில வார்த்தை பிடிபடாமல் நிற்பான். வாசனை மட்டும் திரும்பவில்லை. இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தாள்.

டைட்டஸ் மாட்டுக்கறி எடுத்துக்கொண்டு வந்தான். பையைக் கீழே வைக்காமலே நின்றான்.

“மாப்ள, நான் அன்னிக்கு...”

“மச்சான், ஒக்காருங்க.” மாணிக்கராஜ் அவன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். “அண்ணி பொட்டிகிட்ட நான் சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் கீது. அத்த நெனச்சா தூக்கம் வரதில்ல. நீங்க அடிச்சது ஒண்ணியும் இல்ல.”

டைட்டஸ் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். லூயிசா உள்ளே கறி கழுவிக்கொண்டிருந்தாள். மாணிக்கராஜுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தண்ணீர் வழிந்து ஓட, குழாயை நிறுத்தாமல் நின்றாள்.

ஷைலா வரவில்லை. போனில் சொன்னாள்: “கட்டி பேசுச்சு, அப்பா பேசலன்னு நீ சொல்றம்மா. டாக்டரும் சொல்றாங்க. நான் இல்லேங்கல. ஆனா எங் காதுல அப்பா கொரல்லதானே வுழுந்துது? கொஞ்சம் டைம் குடு.”

“ஒங்கப்பா தினம் கேக்கறாரு.”

“சொல்லு, வரேன்னு. எப்பன்னு சொல்லாத.”

லூயிசா மறுபடி ரயிலேறினாள். இப்போது பூட்டுவதில்லை. அவள் திரும்பி வரும்போது வீடு பெருக்கியிருக்கும். அவன் உலை வைத்திருப்பான், ஜெயம்மாவைக் கூப்பிட்டு அரிசி வெந்துவிட்டதா என்று கேட்டிருப்பான். எல்லோரும் அவளிடம் சொன்னார்கள்: உன் புருஷன் திரும்பி வந்துட்டாரு, நீ குடுத்து வெச்சவ. அவள் தலையாட்டினாள். உள்ளே சந்தோஷம் எங்கே என்று தேடிப் பார்த்தால், எட்டு மாடியும் கழுவிய கால் வலிதான் இருந்தது. மூன்று வருஷம் சேர்த்து வைத்த கோபம் ஒன்று இருந்தது. அதைக் கொட்ட இடமில்லை. அவனைத் திட்ட முடியாது, அவனுக்குக் கட்டி. கட்டியைத் திட்டலாம் என்றால் அதை வெட்டி எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

அவனோ அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் அவளைத் தின்றது.

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு. பூசைக்குப் போய் வந்தார்கள். சுரங்கக் கழிவு மண் குவிந்த சைனைட் மேட்டிலிருந்து குளிர்காற்று மண்ணை வாரிக்கொண்டு வந்து ஜன்னலில் அறைந்தது. அவரைக்காய்ப் பருவம். முந்தின நாளே உரித்து ஊறப்போட்ட கொட்டைகளை வைத்துக்கொண்டு இருவரும் கூடத்தில் பாயில் உட்கார்ந்தார்கள். தோலைப் பிதுக்கிப் பருப்பை மட்டும் பாத்திரத்தில் போட வேண்டும். அவன் விரல்கள் இன்னும் முழுசாக வசத்துக்கு வரவில்லை. ஒன்றை அவன் பிதுக்குவதற்குள் அவள் ஐந்து பிதுக்கினாள். பருப்பு எவர்சில்வர் பாத்திரத்தில் டிங் டிங்கென்று விழுந்தது.

லூயிசாதான் பேச்சை எடுத்தாள்.

“ஒண்ணு கேக்கணும். நான் பூட்டிட்டுப் போனது தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

“எல்லா நாளும்?”

“ரெண்டு தபா இழுத்துப் பாப்ப. அப்பால செருப்பு சத்தம் போவும்.”

அவள் கை நின்றது. “கரண்டியால அடிச்சது?”

“ம்.”

“சோறு போடாதது?”

“ரெண்டு நாளு. ஒரு நாளு இல்ல, ரெண்டு நாளு.”

லூயிசாவுக்கு இரண்டாம் நாள் நினைவில்லை. இருந்திருக்கும். அவன் பொய் சொல்கிறவன் இல்லை.

“ஒன்னாந்தேதி உங்கள வுட்டுட்டு ஷைலாகூடப் போயிருப்பேன். பொடவகூட எடுத்து வெச்சிட்டேன். உங்களுக்கு வலிப்பு வரலன்னா போயிருப்பேன்.” அவள் மடியில் கிடந்த தோல்களைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “உங்களுக்கு ஸ்கேன்ல வந்துது. இதுனாலதான் அப்படிப் பேசினாருன்னு படத்துல காட்டினாங்க. எனக்கு எடுத்தா இன்னா வரும்? ஒண்ணியும் வராது. தல சுத்தமா கீறப்பவே பண்ணேன் நானு.”

மாணிக்கராஜ் ஒரு கொட்டையை எடுத்தான், பிதுக்கவில்லை.

“அப்ப கோவம் வரலியா உங்களுக்கு?” என்றாள்.

“அப்ப வரல. பசிக்கும், அவ்ளோதான். கோவம்லாம் ஒண்ணியும் கெடையாது.” நிறுத்தினான். வார்த்தைக்குத் தேடுகிறானா, வேண்டாமென்று பார்க்கிறானா என்று அவளுக்குப் புரியவில்லை. “இப்ப வருது.”

லூயிசா நிமிர்ந்தாள்.

“ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த நாள்லேர்ந்து வருது, லூயிசா. நீ எட்டு மணிக்கு வரப்ப, கால் வீங்கிப்போயி வர, அத்தப் பாத்தா பாவமா கீது. ஒடனே அந்த பூட்டு சத்தம் கேக்குது. ரெண்டும் ஒண்ணா வருது.”

“திட்டுங்க. திட்டிடுங்க.”

அவன் வாயைத் திறந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. ஏதோ ஒன்று பல்லுக்குப் பின்னால் வரை வந்துவிட்டதை லூயிசா பார்த்தாள். அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

“இப்ப வேணாம்,” என்றான். “சொல்லுவேன். இன்னொரு நாளு சொல்லுவேன். சொல்லாம வுட மாட்டேன்.”

“சொல்லுங்க.”

லூயிசாவின் உடம்பில் எங்கோ இறுகிக் கிடந்தது விட்டுப்போனது போல இருந்தது. கை காலெல்லாம் கனத்தன. கொஞ்சம் சாயலாம் என்று பாயின் ஓரத்தில் தலையை வைத்தாள். உலை வைக்க வேண்டும், மணி பதினொன்று ஆகப்போகிறது என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடினாள்.

மாணிக்கராஜ் பிதுக்கிக்கொண்டிருந்தான். முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. ஒரு பருப்பு பாத்திரத்தில் விழுந்து டிங்கென்றது. லூயிசாவின் இமை அசைந்தது. அவன் தோளிலிருந்த துண்டை எடுத்து நாலாக மடித்துப் பாத்திரத்துக்குள் விரித்தான். பிறகு ஒவ்வொரு பருப்பாகச் சத்தமில்லாமல் அதன் மேல் வைத்தான்.